மாதம்மாவின் விறகு

கண்ணு,

நீ ஏறிய பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் நான் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "வா, மழை வரப்போவுது" என்று அப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நடந்தேன். நான்கு நாள் வீட்டில் இருந்தாய். நான்கு நாளும் சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாய், தட்டைக் கழுவி வைத்தாய், மறுபடி போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாய். நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம்தான் சொன்னாய், அவர் என்னிடம் சொன்னார். கடல் பச்சையும் நீலமுமாக மின்னியதைப் பார்க்க ஊரே திரண்டு வந்ததாம். கடல் ஆராய்ச்சி ஆபீஸ்காரன் என்று மைக்கை நீட்டியவரிடம் நீ, "இது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரு, ஆபத்து ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க" என்று சிரித்தபடி சொன்னாயாம். மூன்றாம் நாள் தண்ணீர் பச்சைக் குழம்பாகி நாறியதாம், கரையெல்லாம் மீன் செத்து ஒதுங்கியதாம். ஒரு அம்மா உன் சட்டையைப் பிடித்து, "உன் பேச்சைக் கேட்டுத்தானே பேசாம இருந்தோம், நீ படிச்சவன்தானே?" என்று கேட்டாராம். வேலையை விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதையும் அப்பாதான் சொன்னார்.

உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். இரண்டு தடவை காபி டம்ளரோடு வந்து நின்றேன். சொல்ல வேண்டியது என் தப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் வாய் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு எழுதத்தான் வருகிறது போல. எனவே பொறுமையாகப் படி. இதில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ எட்டாம் வகுப்பு படித்த வருஷம். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டை ஒட்டி நாம் வாடகைக்கு இருந்த வீடு நினைவிருக்கும். நம் வீட்டுக்குக் கீழே காபித் தோட்டத்து ஆட்களின் லயன், ஒரே சுவரில் பன்னிரண்டு வீடு. கடைசி வீட்டில் மாதம்மா தனியாக இருந்தார். புருஷன் இறந்து வெகுநாளாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. காலையில் பழம் பறிக்கப் போவார், திரும்பும்போது தலையில் ஒரு கட்டு விறகோடு வருவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பதினைந்து இருபது நாள் பெய்தது. சரிவில் விழுந்து மக்கிக் கிடந்த பலாமரத்தை வெட்டிக் கொண்டுவந்து மாதம்மா தன் வீட்டுச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில் அந்த அடுக்கு முழுவதும் மெல்லிய பச்சை வெளிச்சத்தில் மினுங்கியதை லயனே பார்த்தது.

பக்கத்து வீட்டுச் செல்வியின் கைக்குழந்தைக்கு அதே வாரம்தான் காய்ச்சல் வந்து வலிப்பு கண்டது. ஏற்காடு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஐந்து நாளில் லயனில் பேச்சு கிளம்பிவிட்டது. பிள்ளையில்லாதவள், யாரோடும் சேராதவள், அவள் வீட்டு விறகு இருட்டில் மினுங்குகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை கண் செருகிக் கிடக்கிறது. நான்கையும் சேர்த்து முடிச்சுப் போட அதிக நேரம் ஆகவில்லை.

என்னிடம் வந்து கேட்டார்கள். இது உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்துகொண்டிருந்தபோது நான்கைந்து பெண்கள் வழியில் நிறுத்தினார்கள். "ஏனுங்க டீச்சரம்மா, வெறகு எதுக்குங்க மினுங்குது? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க." எனக்குத் தெரியாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் நனைந்த புடவை, கையில் திருத்த வேண்டிய நோட்டுகள், எதிரே என்னையே பார்க்கும் அத்தனை முகங்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. "அது பாஸ்பரஸ்" என்றேன். அவர்கள் முழித்தார்கள். விளக்கிச் சொல்வதாக நினைத்து, "எலும்புல இருக்குமில்ல, அந்தச் சத்து. சுடுகாட்டுல மினுங்குதுன்னு சொல்வாங்களே, அதுதான்" என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பயத்தைப் போக்கிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் நான் சொன்னது லயன் முழுக்க வேறு உருவத்தில் நின்றது. மாதம்மா சுடுகாட்டு எலும்பைக் கொண்டுவந்து விறகுக்குள் வைத்திருக்கிறார், டீச்சரே சொல்லிவிட்டார். அதுவரை அரசல்புரசலாக இருந்த பேச்சுக்கு என் படிப்பு ஆதாரமாகிவிட்டது. மாதம்மா குடம் வைத்த குழாயில் மற்றவர்கள் தண்ணீர் பிடிக்கவில்லை. யாரோ விறகைச் சரிவில் தள்ளிவிட்டார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், சண்டை வேண்டாம் என்று, "கொஞ்ச நாளைக்கு வேற எங்கியாச்சும் இருந்துட்டு வாங்க" என்று மாதம்மாவிடம் சொன்னாராம்.

அந்த வாரத்தில்தான் நீ ஒரு சாக்குப்பையில் இரண்டு சிராய்களைச் சுற்றிக்கொண்டு வந்தாய். சரிவில் கிடந்ததைப் பொறுக்கியிருக்கிறாய். ஏழு மணிக்குக் கரண்ட் போனதும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, பாஸ்பரஸ்னா காத்துல பட்டா பத்திக்கும், அதனால தண்ணிக்குள்ள வச்சிருப்பாங்கன்னு நீங்கதானே நடத்துனீங்க? இது வெளியிலயேதான கெடக்குது. பத்திக்கவே இல்லையே?" அடுப்பில் கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரிலும், பானைத் தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றினாய். ஒவ்வொன்றிலும் ஒரு சிராயை முக்கி எடுத்தாய். பச்சைத் தண்ணீரில் நனைந்தது அப்படியே மினுங்கியது. வெந்நீரில் போட்டது மங்கி, மங்கி, அணைந்தேபோனது. ஆறிய பிறகும் வெளிச்சம் திரும்பவில்லை. நீ அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "அம்மா, செத்துப்போச்சு. இத்தனை நேரம் உசுரோட இருந்திருக்குது."

அந்த நொடி நான் உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பதிமூன்று வயதில் என் மகன் என் கண்முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்குச் சோதனை செய்து, விடையின் வாசலில் நிற்கிறான். நானோ, "வாயை மூடிட்டுப் படிக்கற வேலையைப் பாரு" என்றேன். நோட்டில் நீ "அம்மா சொன்னது தப்பு" என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அந்தத் தாளைக் கிழித்தேன். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, "டீச்சர், மினுங்கற வெறகுல பாஸ்பரஸ் இல்லைங்க டீச்சர்" என்றாய். உன்னை வெளியே நிற்க வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பாட நேரம் முழுக்க நீ மழைச்சாரலில் நின்றாய். இது உனக்கு நினைவிருக்கும். நீ ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

உனக்குத் தெரியாதது அன்று சாயங்காலம் நடந்தது. நீ கடைக்குப் போயிருந்தாய். மாதம்மா வந்து வாசலில் நின்றார். தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தார், தண்ணீர் சொட்டியது. "டீச்சரு, எலும்பு இருக்குதுன்னு நீங்க சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆமாம், தெரியாமல் உளறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கீழே கூட்டிப்போய் நாலு பேரிடம் சொல்லச் சொல்லியிருப்பார். நான், "பொதுவாச் சொன்னேங்க. அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அடுப்பில் பால் இல்லை, கண்ணு. கதவுக்குப் பின்னால் நின்று அவர் காலடி இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவர் ஒரு பையோடு குப்பனூருக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த பஸ்ஸை ஓட்டியது உன் அப்பா. "அந்தம்மா மலை இறங்கற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்திருந்தாங்க" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். நான் அவருக்கும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை, துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன். என் கைப்பையில் நீ மிச்சம் வைத்திருந்த சிராய் ஒன்று, ஈரத்துணியில் சுற்றி இருந்தது. ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் போய்க் காத்திருந்தேன். பேராசிரியை என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். விளக்கை அணைத்து, கண் பழகும்வரை பேசாமல் காத்திருந்து, அதைப் பார்த்ததும் குழந்தை மாதிரி, "அய்யோ, எவ்வளவு அழகா இருக்குதுங்க" என்றார். பிறகு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மரத்தின் நாருக்குள் வெள்ளை வெள்ளையாக நூல்கள். "பூஞ்சைங்க. காளானோட உடம்பு இதுதான். வெளியில குடை மாதிரித் தெரியறது அதோட காய் மாதிரி. இது மரத்தைத் தின்னுக்கிட்டே வளருது. மூச்சு விடறப்ப வர்ற வெளிச்சம்னு வச்சுக்குங்க."

அவர் சொன்ன கதைகளை இன்று நீ எனக்குச் சொல்லித்தரும் நிலையில் இருக்கிறாய். ஆனால் அன்று அவற்றைக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒருவர் மினுங்கும் மரத்துண்டைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, உள்ளே இருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சியிருக்கிறார். வெளிச்சம் அணைந்திருக்கிறது. காற்றைத் திரும்ப விட்டதும் வந்திருக்கிறது. ஆக்சிஜன் என்று ஒன்று உண்டு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். வெகுகாலம் கழித்து இன்னொருவர், ஒளிவிடும் உயிரை அரைத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு பங்கும் வெந்நீரில் ஒரு பங்கும் கரைத்தாராம். பச்சைத் தண்ணீரில் கரைத்தது கொஞ்ச நேரம் மினுங்கி ஓய்ந்தது. வெந்நீரில் போட்டது உடனே அணைந்தது. அணைந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றினார். வெளிச்சம் திரும்ப வந்தது. எரிபொருள் மாதிரி ஒன்று, அதை எரியவைக்கும் என்சைம் ஒன்று. வெந்நீர் என்சைமைத்தான் கொன்றிருக்கிறது, எரிபொருள் அப்படியே இருந்திருக்கிறது. மின்மினிப் பூச்சி, கடல், காளான் எல்லாவற்றிலும் பொருள்கள் வேறு வேறு, வழி ஏறத்தாழ ஒன்று என்று பேராசிரியை சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அங்கே காது அடைத்துக்கொண்டது. இரண்டு டம்ளர். ஒன்று பச்சைத் தண்ணீர், ஒன்று வெந்நீர். உலகம் கொண்டாடிய ஒரு சோதனையின் முதல் பாதியை என் மகன் யாரும் சொல்லித்தராமல் என் சமையலறையில் செய்திருக்கிறான். அவன் எழுதியதை நான் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது, "இது என்ன வகைக் காளானுங்க?" என்று கேட்டேன். அவர் துளியும் யோசிக்காமல், "எனக்குத் தெரியலைங்க. காய் வந்தா கொண்டாங்க, அப்பவும் நானே கண்டுபிடிச்சிருவேன்னு சொல்ல முடியாது" என்று சிரித்தார். அத்தனை படித்தவர், தன் துறையிலேயே, தன் மாணவிகள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, தெரியலை என்றார். அதனால் அவர் மதிப்பு ஒரு சொட்டும் குறையவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்க நான் மாதம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

திரும்பி வரும்போது அப்பாவின் பஸ். குப்பனூரில் நின்றபோது மாதம்மா ரோட்டோரம் தலையில் புல்லுக்கட்டோடு நின்றிருந்தார். நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்பா ஜன்னல் வழியாக, "ஏனுங்க மாதம்மா, சௌக்கியமா?" என்று கேட்டார். அவர் கையை மட்டும் ஆட்டினார். மேலே ஏறும் வழியெல்லாம் அழுதேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அப்பாவிடம் முழுவதும் சொன்னேன், மூடிய கதவு உட்பட. அவர் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு, "மொதல்ல நம்ம பையன்கிட்டச் சொல்லு. அப்பறம் லயனுக்குப் போலாம்" என்றார்.

உன்னிடம் சொன்னேன். ஆனால் பாதிதான். நீ செய்தது சரி, நான் சொன்னது தப்பு என்றேன். கதவைச் சாத்தியதைச் சொல்லவில்லை. உன் கண்ணில் நான் இன்னும் கொஞ்சம் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன். நீ என்னையே பார்த்துவிட்டு, "அப்ப எல்லார்கிட்டயும் செஞ்சு காட்டலாமா அம்மா?" என்றுதான் கேட்டாய். கோபித்துக்கொள்ளக்கூட உனக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லயன் வாசலில் நடந்தது உனக்கு மனப்பாடம். நீதான் வெந்நீர் ஊற்றினாய். நான் பக்கத்தில் நின்று, "நான் பாஸ்பரஸ்னு சொன்னது தப்புங்க. எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரிச் சொல்லிட்டேன். இதுல எலும்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. மழைக்காலத்துல மக்குன மரத்துல வளர்ற காளான்" என்றேன். நான் எதிர்பார்த்தது என்ன தெரியுமா? எல்லோரும் மனம் இளகி, டீச்சர் எவ்வளவு பெரிய மனசு என்பார்கள் என்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர், "அப்ப டீச்சரு இப்ப சொல்றதை மட்டும் எப்படிங்க நம்பறது?" என்றார். செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து, "நீங்க சொல்லிட்டீங்க. அந்தம்மா போய்ட்டாங்களே, அதுக்கு என்னங்க பண்றது?" என்றாள். நம்பாதீங்க, நீங்களே முக்கிப் பாருங்க என்று உன் பக்கம் கையைக் காட்டினேன். செல்விதான் முதலில் வந்தாள். மினுங்கும் துண்டை உள்ளங்கையில் வாங்கினாள். "சூடே இல்லையே" என்றாள். குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவள் தடுக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

இனி உனக்குத் தெரியாத இன்னொன்று. மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் செல்வியும் குப்பனூர் போனோம். மாதம்மா தங்கை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். செல்வி அவர் காலடியில் உட்கார்ந்து, "புள்ளை பயத்துல நானும் பேசிட்டேன் அக்கா, நொம்பத் தப்பு" என்று அழுதாள். மாதம்மா அவள் தலையைத் தடவினார். என் பக்கம் திரும்பியபோது முகம் மாறியது. "அதுகளுக்குப் பயம். நீங்க கதவைச் சாத்துனீங்க பாருங்க டீச்சரு, அதுதான் தொண்டையிலயே நிக்குது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வர்றேன். ஆனா கருக்கல்ல ஒளிஞ்சு வரமாட்டேன். எல்லாரும் இருக்கறப்ப, பட்டப்பகல்ல வருவேன்" என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். நிறுத்தமே இல்லாத இடத்தில், லயனுக்கு நேர் எதிரே, உன் அப்பா பஸ்ஸை நிறுத்தி, ஹாரன் அடித்து, அவர் இறங்கும்வரை எஞ்சினை அணைத்துக் காத்திருந்தார்.

என்னோடு மாதம்மா சகஜமாகப் பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அடுத்த ஐப்பசியில் ஒருநாள் நம் வீட்டுக் கதவைத் தட்டி, "டீச்சரு, மறுபடியும் மினுங்குது. உங்க பையனை வந்து பாக்கச் சொல்லுங்க, காய் மாதிரி என்னமோ வந்திருக்குது" என்றார். அந்தக் காளானைத்தான் நாம் மூவரும் ஈரத்துணியில் சுற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். நீ அந்த அறையில் அன்று மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. மாதம்மா உன்னைப் பார்த்துக்கொண்டே, "இவன் இதைத்தான் படிப்பான்" என்று பேராசிரியையிடம் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் மாற்றம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்பரஸ் என்றது என் தப்பு என்று வகுப்பிலும் நான் ஒப்புக்கொண்ட வாரம் பிள்ளைகள் என்னைக் கேலி செய்தார்கள். மறுமாதம் முதல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். டீச்சருக்கும் தெரியாது என்று தெரிந்ததும் அவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. என் வேலையில் நான் சந்தோஷமாக இருந்தது அதற்குப் பிந்திய வருஷங்களில்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன், சாமி. உனக்கு நடந்தது எனக்கு நடந்ததைவிடப் பெரிது. செத்த மீன் திரும்பி வராது. அந்த வீடுகளில் உலை வைக்க யோசித்த நாட்களுக்கு நீ பதில் சொல்ல முடியாது. கடல் மினுங்குவது நீ தடுக்கக்கூடியதும் இல்லை. அந்தச் சிற்றுயிர்கள் பெருகிச் செத்து மக்கும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையலாம் என்பது உனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் மைக் முன்னால் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரத்தில் ஒரு சந்தேகத்தை நடுவில் வைக்க உனக்கு மனமில்லை. அந்த நொடியை எனக்கு நன்றாகத் தெரியும். குடையும் நோட்டுகளுமாக நானும் அதே இடத்தில் நின்றவள்தான்.

வேலையை விட்டுவிட்டால், உன் சட்டையைப் பிடித்த அந்தம்மாவின் முகத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. உனக்கு இப்போது வேண்டியது அதுதான், அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்து ஒரு விளக்கக் குறிப்பு எழுதி அனுப்பிவிடாதே. எங்கே நின்று சொன்னாயோ அங்கேயே போய், யாரிடம் சொன்னாயோ அவர்களிடமே சொல். வெயில் நேரத்தில் போ. உடனே யாரும் தோளில் கைபோடுவார்கள் என்று நினைக்காதே. திட்டினால் கேட்டுக்கொள். கேட்ட பிறகும் கிளம்பாமல் கொஞ்ச நேரம் நில்.

இந்த இடம் வரை வெள்ளிக்கிழமை எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. காலையில் நீ போன் பண்ணினாய். "அம்மா, நேத்து போனேன்" என்றாய். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்தம்மா அரைமணி நேரம் திட்டியதாகவும், நீ நின்றுகொண்டே கேட்டதாகவும் சொன்னாய். கடைசியில் அவர் மூச்சு வாங்கி, "சரி, அடுத்த தடவை மினுங்குனா கெட்டதா நல்லதான்னு எப்படிப்பா தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டாராம். எனக்கு முழுசாத் தெரியாது, தண்ணி எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும் என்றாயாம். பாட்டில் கொடுத்தால் மீன்பிடி போட்டுக்காரர்கள் வரும்போதே எடுத்து வருவார்கள் என்று அவரே சொன்னாராம். ஐந்து போட்டுக்கு ஐந்து பாட்டில். நாளைக் காலை முதல் தண்ணீர் வரப்போகிறது. பேச்சு முழுக்க உன் குரல் வேகமாக இருந்தது. போனை வைக்கும் முன் சாப்பிட்டாயா என்று கேட்டேன், இரண்டு தட்டு என்றாய்.

ஆக இந்தக் கடிதம் இனி உனக்கு அவசியமில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். கதவைச் சாத்திய அம்மாவையும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பதினாறு வருஷம் அவளை உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் பஸ் ஏறுகிறோம். அப்பா சீட்டு எடுத்துவிட்டார், ஜன்னலோரம் அவருக்குத்தானாம், இத்தனை வருஷம் ஓட்டிவிட்டு இப்போதுதான் வேடிக்கை பார்க்கப் போகிறாராம். மாதம்மாவிடம் மத்தியானம் சொன்னதும், "நானும் வர்றேன், கடலு எப்படி மினுங்குதுன்னு பாக்கோணும்" என்று கிளம்பிவிட்டார். கடல் அன்று மினுங்குகிறதோ இல்லையோ, தெரியாது. நீ எங்களை அந்தம்மாவின் வீட்டுக்குக் கூட்டிப்போ. அவருக்குக் கொடுக்க மாதம்மா இரண்டு பை ஆரஞ்சு பறித்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா